மயில் கழுத்து என்ன கலர்?

எந்த ஜவுளிக்கடையின் பட்டு செக்‌ஷனிலும் தினசரி ஒரு முறையாவது நடக்கிற சண்டை இது. மனைவி ஒரு புடவையைப் பிரித்துப் போட்டு, "இந்தப் பச்சை நல்லா இருக்கா?" என்பார். கணவர், "இது நீலமாச்சே" என்பார். இரண்டு பேரும் கண் டாக்டரைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கும்போது கடைச் சிப்பந்தி குறுக்கே வந்து, "மயில் கழுத்துங்க!" என்று தீர்ப்பு சொல்வார்.

தீர்ப்பு சரியானதுதான். அந்தத் துணியில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பெரும்பாலும் ஒன்று நீலம், ஒன்று பச்சை. மடிப்பு திரும்பத் திரும்ப ஒன்று முந்தும், இன்னொன்று பிந்தும். ஆக, மயில் கழுத்து என்ற நிறத்தில் ஒரு நூல்கூட அந்தப் புடவையில் கிடையாது. இரண்டு நூல்களுக்கு நடுவே, நம் கண்ணில்தான் அது இருக்கிறது.

இதை நெசவாளர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் பச்சை உடலுக்கு அரக்கு பார்டர் போடுவது ஏதோ வழக்கத்துக்காக அல்ல. மூன்று நாடாக்களை ஓட்டி, கூட ஓர் ஆளையும் வைத்துக்கொண்டு, உடலையும் பார்டரையும் தனித்தனியாக நெய்து கோக்கிற அத்தனை பாடும் எதற்காக? அந்தப் பச்சை இன்னும் பச்சையாகவும் அரக்கு இன்னும் அரக்காகவும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

நான் பி.காம். படித்தவன். ஓவியத்துக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்தோடு உறவு முடிந்துவிட்டது. ஆனால் பத்திரிகை வேலையில் லே-அவுட் ஆர்ட்டிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த மஞ்சளைக் கொஞ்சம் குறைக்கலாமா?" என்று கேட்டுக் கேட்டு, ஃபோட்டோஷாப் என்ற வித்தை ஓரளவு கைக்கு வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டு, ஊரப்பாக்கத்தில் கரன்ட் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுவது வழக்கம்.

கணக்குப் படித்தவனுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு. கம்ப்யூட்டருக்கு நிறம் என்பது மூன்று எண்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை. மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்கள். இவ்வளவு நிறத்துக்கும் பெயர் வைக்க எந்த ஜவுளிக்கடையாலும் முடியாது.

ஒரு பரிசோதனை சொல்கிறேன், செய்து பாருங்கள். திரையை இரண்டு பாதியாகப் பிரியுங்கள். இடது பாதிக்கு நல்ல மஞ்சள். வலது பாதிக்குக் கருநீலம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சதுரம் வையுங்கள். இரண்டு சதுரமும் ஒரே சாம்பல். எண் 128, 128, 128. இப்போது நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பாருங்கள். மஞ்சளில் உட்கார்ந்த சாம்பல் இருட்டாக, லேசாக நீலம் பூசியதுபோல இருக்கும். நீலத்தில் உட்கார்ந்த சாம்பல் வெளுத்து, கொஞ்சம் மஞ்சள் தட்டியதுபோல இருக்கும். ஸ்பாய்டு மாதிரி ஒரு கருவி இருக்கிறதல்லவா, அதை இரண்டின் மேலும் வைத்துப் பாருங்கள். 128, 128, 128. ரெண்டும் ஒன்றேதான். ஒன்றேதான் என்று தெரிந்த பிறகும் கண் ஒப்புக்கொள்ளாது.

டபுள் என்ட்ரி புக் கீப்பிங் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு பக்கம் டெபிட் விழுந்தால் இன்னொரு பக்கம் கிரெடிட் விழுந்தாக வேண்டும். மஞ்சளைப் பற்று வைத்தால், பக்கத்தில் இருப்பவன் கணக்கில் கண் கொஞ்சம் நீலத்தை வரவு வைத்துவிடுகிறது.

இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காக எழுதியவர் ஒரு ரசாயன நிபுணர். பெயர் செவ்ரூல். பாரீஸில் கோப்லான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவர். "உங்கள் கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத் துணியில் வைத்தால் சோகை பிடித்து நிற்கிறது" என்று புகார் வந்தது. அவர் கறுப்பு நூலை வேறு இடத்து நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குற்றமும் இல்லை. பக்கத்தில் இருந்த நீலம்தான் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. இதையே நூல் பிடித்தாற்போல் ஆராய்ந்து 1839-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். ஐரோப்பிய ஓவியர்கள் அதை விழுந்து விழுந்து படித்தார்கள்.

அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் கழித்து யோசஃப் ஆல்பர்ஸ் வந்தார். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். நாஜிகள் காலத்தில் 1933-ல் அமெரிக்காவுக்குப் போனார். 1950-ல் சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம் என்று வரைய ஆரம்பித்து, 1976-ல் சாகிறவரை ஆயிரத்துக்கு மேல் அதையே வரைந்தார். வேறு உருவமே கிடையாது. கதை கிடையாது. மாணவர்களுக்கு அவர் கொடுத்த வீட்டுப்பாடம் இரண்டு. ஒரே நிறத்தை இரண்டு நிறமாகத் தெரியவை. இரண்டு நிறத்தை ஒன்றாகத் தெரியவை. பெயின்ட்கூட வேண்டாம், கலர் பேப்பரைக் கத்தரித்து ஒட்டு என்றார். 1963-ல் வந்த அவருடைய புத்தகத்தைப் பாடமாக வைக்காத ஓவியப் பள்ளிகள் குறைவு. அவர் கத்தரிக்கோலால் செய்யச் சொன்னதைத்தான் நாம் இன்று மவுஸால் செய்கிறோம்.

நம் ஊரிலும் இந்த வேலையைச் செய்தவர்கள் உண்டு. ஆதிமூலத்தைக் கோட்டோவியராகத்தான் நமக்கெல்லாம் தெரியும். காந்தி படங்கள், கி.ரா.வின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு வரைந்த படங்கள். கறுப்பு மையில் அத்தனை சாதித்த மனிதர், கேன்வாஸுக்குப் போனபோது உருவங்களை விட்டுவிட்டு, பெரிய பெரிய வண்ணப் பரப்புகளாக வரைந்தார். 2008-ல் காலமாகும்வரை அந்த நிறங்களோடுதான் பேசிக்கொண்டிருந்தார். சென்னையில் வாழ்ந்து 2022-ல் மறைந்த அச்சுதன் கூடல்லூர் படிப்பால் இன்ஜினீயர். அவர் படங்களிலும் ஆள், மரம், வீடு என்று எதையும் தேட முடியாது. நிறம்தான் விஷயமே. கம்ப்யூட்டர் நம் பத்திரிகைகளுக்குள் வந்தபோது அதைத் துணிந்து தூரிகையாகப் பிடித்த முன்னோடிகளில் டிராட்ஸ்கி மருதுவைச் சொல்லியே ஆக வேண்டும்.

"இதெல்லாம் ஒரு படமா, எங்க வீட்டுக் குழந்தைகூட வரையும்" என்பார்கள் சிலர். அவர்களோடு வாதம் செய்வதில்லை நான். ஒரு மாடர்ன் ஆர்ட்டை கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரே ஒரு நிறத்தை மட்டும் மாற்றிக் காட்டுவேன்.

எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஓர் அரூப ஓவியம் போட்ட காலண்டர் ஒன்று இருந்தது. அதில் ஒரு பக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முழுக்கப் பச்சைப் பரப்பு, நடுவே சற்றுச் சாய்ந்து ஒரு சிவப்பு, மேல் ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு வெளிர் மஞ்சள் கோடு. அதைப் படம் பிடித்து கிம்ப்பில் ஏற்றினேன். மஞ்சள் கோட்டை மட்டும் அழித்தேன். படம் மூச்சு முட்டியது. கோட்டைத் திரும்ப வைத்து, எல்லா நிறங்களையும் ஒரே அளவு சுழற்றினேன். குடும்பத்தோடு வீடு மாறியதுபோல உறவுமுறை ஓரளவு அப்படியே இருந்தது. ஆனால் மஞ்சள் நீலமானதும் அதன் வெளிச்சம் போய்விட்டது. அடர்த்தியான நிறங்களில் மஞ்சள்தான் வெளிச்சமானது, நீலம்தான் இருட்டு. ஆக, ஒரு நிறத்துக்குப் பெயர் மட்டும் அல்ல, வெளிச்சம் என்று இன்னொரு குணமும் உண்டு.

இந்த இரண்டாவது குணத்தை எனக்குச் சரியாகக் காட்டியவன் பக்கத்து வீட்டுப் பையன்.

அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டிப்ளமா முடித்தவன். ஊரப்பாக்கத்தில் வளர்கிற பையன்களுக்கு ரயில் என்பது வீட்டுக் கடிகாரம் மாதிரி. தாம்பரம் - செங்கல்பட்டு லைனில் எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். என்ஜின் ஓட்டுகிற வேலைதான் அவன் கனவு. இரண்டு வருஷம் ராத்திரி பகல் படித்து, பரீட்சையில் தேறி, கடைசியில் மெடிக்கலில் நின்றுவிட்டான். புள்ளிப் புள்ளியாக வட்டம் போட்ட புத்தகத்தைக் காட்டி, "என்ன நம்பர் தெரியுது?" என்று கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான பக்கங்களில் இவனுக்கு எந்த நம்பரும் தெரியவில்லை. ஜப்பானியர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட டெஸ்ட் அது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களை அது சுலபமாகப் பிடித்துவிடும்.

அந்த விதியில் தப்பு சொல்ல முடியாது. 1875-ல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. நிறப் பார்வைக் குறைபாடு காரணமாக இருக்கலாம் என்று ஹோம்கிரென் என்ற பேராசிரியர் சந்தேகப்பட்டு, கலர் கலரான கம்பளி நூல்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லி ரயில்வே ஊழியர்களைச் சோதித்தார். உலகம் முழுக்க ரயில் ஓட்டுகிறவர்களுக்கு நிறச் சோதனை பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆயிரம் பேர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது சிக்னல் சிவப்பா பச்சையா என்பதில் சந்தேகம் கூடாது.

விதி நியாயம்தான். வீட்டில் அழுகை நிற்கவில்லை, அதுவும் நியாயம்தான். இருபத்திரண்டு வருஷம் அவனுக்கே தெரியாது. எப்படித் தெரியும்? தக்காளியைச் சிவப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள், சிவப்பு என்றான். இலை பச்சை என்றார்கள், பச்சை என்றான். வார்த்தை சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அணுக் கொள்கை தந்த ஜான் டால்டன் கதையும் இதுதான். பெரியவனான பிறகுதான் தனக்கும் தன் சகோதரருக்கும் மற்றவர்களுக்கும் நிறம் வேறுபடுகிறது என்று கண்டுபிடித்து, 1794-ல் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்கலாம் என்பது அவர் எண்ணம். தான் செத்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். பார்த்தார்கள். திரவம் தெளிவாகத்தான் இருந்தது. பாதுகாத்து வைத்த அந்தக் கண்ணிலிருந்து 1995-ல் மரபணு எடுத்துச் சோதித்தபோதுதான், பச்சையை உணர்கிற பகுதி அவருக்கு இல்லை என்பது உறுதியானது.

பையன் என் வீட்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். வீட்டில் இருந்தால் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும், அதனால். ஒருநாள் திரையில் அந்தக் காலண்டர் படம் இருந்தது.

"இதுல என்னடா தெரியுது?" என்றேன்.

"பெருசா ஒரே இடம் அங்கிள். வயல் மாதிரி. மேல ஒரு கோடு. அந்தக் கோடு நல்லா இருக்கு."

"நடுவுல?"

கொஞ்ச நேரம் பார்த்தான். "நடுவுல என்ன? லேசா ஏதோ தட்டுது. எல்லை எங்கன்னு தெரியல."

எனக்குச் சிவப்பும் பச்சையும் கட்டிப் புரள்கிற படம், அவனுக்கு அமைதியான வயல். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். நடுவில் இருந்த சிவப்பு, பச்சைக்குள் கரைந்து காணாமல் போய்விட்டது. இரண்டுக்கும் வெளிச்சம் ஒன்றே. ஓவியர் அளந்து அளந்து அப்படி வைத்திருக்கிறார். அதனால்தான் அந்த விளிம்பு எனக்குத் துடிக்கிற மாதிரி தெரிந்திருக்கிறது! நிறம் "நான் வேறு" என்கிறது, வெளிச்சம் "நாம் ஒன்று" என்கிறது. கண் இரண்டுக்கும் நடுவே அல்லாடுகிறது. மோனே 1872-ல் வரைந்த சூரியோதயப் படத்தில் ஆரஞ்சு சூரியன் தகதகப்பதற்கும் இதே காரணத்தை ஹார்வர்டு விஞ்ஞானி மார்கரெட் லிவிங்ஸ்டன் சொல்லியிருக்கிறார். கறுப்பு வெள்ளையில் பார்த்தால் அந்தச் சூரியன் மேகத்துக்குள் ஏறக்குறைய மறைந்துவிடும்.

கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டி நான் பார்க்க வேண்டிய படத்தை, அவன் சும்மாவே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அம்மா ஒருநாள் வந்தார். எங்கேயோ யாரோ சொல்லியிருக்கிறார்கள், இது அம்மா வழியாகத்தான் பையனுக்கு வரும் என்று. "அப்போ என்னாலதானே அண்ணா?" என்று கேட்டார்.

உண்மையைத்தான் சொன்னேன். "எக்ஸ் குரோமோசோமில் வருகிற விஷயம்மா. ஆம்பளைக்கு அது ஒண்ணுதான். பொம்பளைக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணு சரியில்லைன்னாலும் இன்னொண்ணு காப்பாத்திடும். அதனால உங்களுக்குத் தெரியாம உங்ககிட்ட இருந்திருக்கும். உங்க அப்பாகிட்டேர்ந்தும் வந்திருக்கலாம்."

அவர் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, "எங்க அப்பா மிளகாய்ப்பழம் பறிக்க மாட்டார் அண்ணா. செடியில எது பழம் எது காய்னு என்னைத்தான் கேட்பார். நான் செல்லம்னு என்னைக் கூப்பிடறார்னு நினைச்சேன்" என்றார்.

இந்த மென்பொருள்களில் இன்னொரு வசதி உண்டு. நிறப் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் படம் எப்படித் தெரியும் என்று மாற்றிக் காட்டும். டிசைன் செய்கிறவர்களுக்காக வைத்தது. அவர் மகள் கல்யாணத்தில் எடுத்த படத்தை ஏற்றினேன். அம்மா கட்டியிருந்தது ராமர் பச்சைப் பட்டு, அரக்கு பார்டர். பட்டனைத் தட்டியதும் புடவை முழுக்க ஒரு மாதிரி மண் நிறத்துக்குப் போய்விட்டது. பார்டர் கொஞ்சம் இருட்டான மண், உடல் கொஞ்சம் வெளிச்சமான மண்.

"இப்படியாடா தெரியுது உனக்கு?" என்று அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

பையன் முன்னால் இருந்த படத்தையும் மாற்றிய படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டும் ஒண்ணாதானேம்மா இருக்கு? இதுல அழறதுக்கு என்ன இருக்கு? நல்ல புடவைதான்!"

அந்த அம்மா சிரித்ததை ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு அவனை ஈஞ்சம்பாக்கம் கூட்டிக்கொண்டு போனேன். தாம்பரம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் சோழமண்டல ஓவியர் கிராமம். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தன் மாணவர்களோடு ஆரம்பித்தது. படம் விற்றுச் சாப்பிட முடியாத காலம். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற காசில் மணல்காட்டில் இடம் வாங்கிக் குடிசை போட்டார்கள். 2009-ல் அங்கே ஒரு மியூசியமும் வந்தது. சென்னை இயக்க ஓவியர்களை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம்.

"கலரே தெரியாதவனை பெயின்டிங் பார்க்கக் கூட்டிட்டுப் போறியே" என்று காலனியில் ஒருவர் கேலி செய்தார். கலர் தெரிந்த எத்தனை பேர் போகிறார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

பையன் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நான் நின்றதைவிட அதிக நேரம் நின்றான். நான் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். அவன் பலகைப் பக்கமே திரும்பவில்லை. கிட்டப் போவான், தள்ளி வருவான். பெயின்ட் எங்கே தடிமனாக இருக்கிறது, எங்கே கேன்வாஸ் தெரிகிறது, கண் முதலில் எங்கே போகிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். நிறத்தின் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது, "அங்கிள், இங்க யாரும் என்ன நம்பர் தெரியுதுன்னு கேட்கல" என்றான்.

இப்போது தாம்பரத்தில் ஒரு அச்சகத்தில் பக்க வடிவமைப்பு பார்க்கிறான். கலர் தெரியாதவனுக்கு அச்சகத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அவன் எண்களை வைத்து வேலை செய்கிறான். அச்சில் நான்கு மை: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. முகத்தின் நிறத்துக்கு மெஜந்தாவைவிட மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், சயான் அதில் பாதிக்கும் கீழே இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. மற்றவர்கள் திரையைப் பார்த்து நம்பிவிடுகிறார்கள். திரைக்குத் திரை நிறம் மாறும். டியூப்லைட் போட்டால் ஒன்று, ஜன்னல் திறந்தால் ஒன்று. இவன் தன் கண்ணை நம்புவதில்லை என்பதால் எண்ணைத்தான் பார்க்கிறான், கடைசியில் ஒரு சகாவைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டிவிடுகிறான். நிறப் பார்வை விதி கட்டாயமில்லாத பணிகள் ரயில்வேயிலேயே இருக்கின்றன. அந்தப் பரீட்சைக்கும் படித்துக்கொண்டிருக்கிறான். என்ஜின் கிடைக்கவில்லை என்ற வருத்தம் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். கேட் மூடியிருக்கும்போது வண்டி கடந்து போனால், கடைசிப் பெட்டி போகிறவரை பார்த்துக்கொண்டுதான் நிற்கிறான்.

இதைப் படிக்கிற பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பையன் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒரு தடவை கண் டாக்டரிடம் அந்தப் புள்ளிப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. இரண்டு வருஷம் படித்து முடித்துக் கதவருகில் போய் நின்று தெரிந்துகொள்வதைவிட, முன்னாலேயே தெரிந்துகொண்டு வேறு கதவைத் தேடலாம்.

அப்படியே அந்தச் சாம்பல் சதுரப் பரிசோதனையையும் அவனோடு உட்கார்ந்து செய்து பாருங்கள். கம்ப்யூட்டர் இல்லையென்றால் கலர் பேப்பர் போதும், ஆல்பர்ஸே அதைத்தான் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. "இதோ பார், இது மஞ்சள், இது நீலம்" என்று நீங்கள் ஆரம்பிக்கக் கூடாது. அவனுக்கு என்ன தெரிகிறது என்று முதலில் அவனைச் சொல்ல விடுங்கள்.